முதல் ஜாஸ் ஸ்டாண்டர்டைக் கிதாரில் படிக்க: எந்தப் பாட்டு, எந்த வழி?

கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவிலோ பஜனைக் குழுவிலோ நாலைந்து வருஷம் கிதார் வாசித்த கைகள் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் மெரிபேங்கிலும் நிறைய உண்டு. பார் கார்டு பிடிக்கத் தெரியும், சினிமாப் பாட்டுக்குத் தாளம் தப்பாமல் ஸ்ட்ரம் செய்யத் தெரியும், பாடகர் சுருதி மாற்றினால் சமாளிக்கவும் தெரியும். இந்தக் கட்டுரை அந்தக் கைகளுக்காக. ஜாஸுக்குள் நுழையும்போது அவர்கள் இரண்டு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது: முதலில் எந்தப் பாட்டு, அதை எந்த வழியில் படிப்பது. முதல் முடிவில் தவறினால் ஒரு மாதம் போகும். இரண்டாவதில் தவறினால் வருஷம் போகும். அதனால் இரண்டாவதைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசுகிறோம்.

ஸ்டாண்டர்டு என்பது ஜாஸ் வாசிப்பவர்கள் எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்த பாட்டு. முன்பின் பார்த்திராத நாலு பேர் ஒரு மேடையில் ஏறி, பெயரையும் சுருதியையும் சொன்ன மாத்திரத்தில் சேர்ந்து வாசிக்க முடிவது அதனால்தான். டர்பனில் அப்படிப்பட்ட வாசிப்புக்கு நீண்ட மரபு உண்டு. நகரம் ஆலன் க்வேலா, சாண்டிலே ஷாங்கே போன்ற கிதார் கலைஞர்களைத் தந்திருக்கிறது. 1983இல் அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேரியஸ் புரூபெக் நேட்டால் பல்கலைக்கழகத்துக்கு வந்து, ஆப்பிரிக்காவிலேயே முதல் ஜாஸ் பட்டப் படிப்பை இங்கேதான் தொடங்கினார். ஆகவே கற்றதைக் கூடி வாசிக்க இடம் இருக்கிற ஊர் இது. வீட்டில் தனியாக வாசிக்க மட்டும் படிப்பது அந்த வாய்ப்பை வீணாக்குவது.

பாட்டைத் தேர்ந்தெடுப்பது

நாலு பாட்டுகளை எடுத்துக்கொள்வோம்.

‘சம்மர்டைம்’, ஜார்ஜ் கெர்ஷ்வின் 1935இல் மேடையேறிய தன் ஆபெராவுக்காக எழுதியது. 16 பார்தான் (இங்கே பார் என்பது நாலு அடி கொண்ட அளவு, பார் கார்டு அல்ல). மெட்டு கிட்டத்தட்ட முழுவதும் சுத்த தன்யாசியின் ஐந்து ஸ்வரங்களுக்குள் அடங்கிவிடுகிறது. ரிஷபம் எட்டிப் பார்ப்பது வரி முடியும் இடத்தில்தான். ஒரு மணி நேரத்தில் மெட்டு கைக்கு வந்துவிடும். சிக்கல் வேறு இடத்தில்: பாட்டின் பெரும்பகுதி ஒரே மைனர் கார்டைச் சுற்றி நிற்கிறது, வேகமும் குறைவு. மெதுவான வேகத்தில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே இருக்கும் வெளி, காலப்பிரமாணம் உறுதிப்படாத கையை உடனே காட்டிக்கொடுத்துவிடும். எளிது என்று நினைத்து எடுத்தவர்கள், தங்கள் வாசிப்பு ஏன் தூங்குகிறது என்று தெரியாமல் தவிப்பார்கள். இரண்டாவது பாட்டாக நல்ல தேர்வு.

கென்னி டோர்ஹாமின் ‘ப்ளூ போசா’ 1963இல் ஜோ ஹெண்டர்சனின் இசைத்தட்டில் முதலில் பதிவானது. இதுவும் 16 பார். சி மைனரில் தொடங்கி 9ஆம் பாரில் டி ஃப்ளாட் மேஜருக்குத் தாவி, கடைசி நாலு பாரில் திரும்பி வருகிறது. சினிமாப் பாட்டு வாசித்துப் பழகியவருக்கு இதுதான் சீக்கிரம் ‘பாட்டு மாதிரி’ கேட்கும், ஏனென்றால் இதில் ஸ்விங், அதாவது ஸ்வரங்களை நீளம், குட்டை என்று மாற்றி மாற்றி வாசிக்கும் ஜாஸ் நடை, கிடையாது. அடிகள் சமமாகவே விழும், கட்டைவிரல் அடிநாதத்தையும் (கார்டுக்குப் பெயர் தரும் ஸ்வரம்) ஐந்தாம் ஸ்வரத்தையும் மாற்றி மாற்றித் தட்டினால் போதும். அதே காரணத்தால் இதை முதல் பாட்டாகச் சொல்ல மனம் வரவில்லை. ஜாஸில் கற்க வேண்டிய மிகக் கடினமான பொருளையே இது தள்ளிப்போட வைக்கிறது.

மூன்றாவது நம் நாட்டுச் சொத்து. பியானோ கலைஞர் அப்துல்லா இப்ராஹிம் 1974இல் கேப் டவுனில் பதிவு செய்த ‘மானன்பர்க்’. மராபி என்ற தென்னாப்பிரிக்க நகர்ப்புற இசை மரபிலிருந்து வரும் நாலு பார் சுழல். அந்த மரபின் அடிப்படைச் சுழலை ஜி சுருதியில் சொன்னால்: ஜி, சி, மறுபடி ஜி ஆனால் அடியில் டி, பிறகு டி 7. அதையே சுற்றிச் சுற்றி வாசிப்பது. கார்டுகளை ஐந்து நிமிடத்தில் கற்றுவிடலாம். பத்து நிமிடம் சலிக்காமல் வாசிக்க ஐந்து வருஷம் பிடிக்கும். தென்னாப்பிரிக்காவில் ஜாஸ் வாசிக்கிற யாரும் இந்தச் சுழலைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது. முதல் நாளிலிருந்தே தினம் ஐந்து நிமிடம் வாசியுங்கள். ஆனால் கார்டுகள் ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்கு எப்படி நடந்து போகின்றன என்பதை இது கற்றுத்தராது. அதற்குத்தான் நாலாவது பாட்டு.

‘ஆட்டம் லீவ்ஸ்’ (Autumn Leaves). ஜோசப் கோஸ்மா 1945இல் இயற்றிய பிரெஞ்சுப் பாட்டு. சொற்கள் ழாக் பிரேவேர், பிறகு ஆங்கில வரிகள் ஜானி மெர்சர். 32 பார். இதைத்தான் முதலில் எடுக்கச் சொல்கிறோம், தயக்கமில்லாமல். எல்லா ஆசிரியரும் இதைத்தான் சொல்கிறார்கள் என்று சிலர் சலித்துக்கொள்வது உண்டு. ஆனால் கிதாருக்கு இதைவிடப் பொருத்தமான முதல் பாட்டு இல்லை என்பதற்கு ஒரு திட்டமான காரணம் இருக்கிறது. அது கம்பியின் மேலேயே தெரிகிறது.

மூன்று விரல்களில் முழுப் பாட்டு

இ மைனரில் முதல் எட்டு பாரின் கார்டுகள்: ஏ மைனர் 7, டி 7, ஜி மேஜர் 7, சி மேஜர் 7, எஃப் ஷார்ப் ஹாஃப் டிமினிஷ்டு (ஐந்தாம் ஸ்வரம் அரைப்படி இறங்கிய மைனர் 7), பி 7, கடைசி இரண்டு பாரும் இ மைனர். ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு கம்பி பிடிக்க வேண்டாம். அடிநாதம், மூன்றாம் ஸ்வரம், ஏழாம் ஸ்வரம், இந்த மூன்று போதும். இதை ஷெல் என்பார்கள், தேங்காய் ஓடு மாதிரி. அடிநாதம் 6ஆம் கம்பியிலும் 5ஆம் கம்பியிலும் மாறி மாறி வரும். மற்ற இரண்டும் எப்போதும் 4ஆம், 3ஆம் கம்பிகளில். ஃப்ரெட் எண்கள் இவை:

ஏ மைனர் 7: 6ஆம் கம்பி 5, 4ஆம் கம்பி 5, 3ஆம் கம்பி 5
டி 7: 5ஆம் கம்பி 5, 4ஆம் கம்பி 4, 3ஆம் கம்பி 5
ஜி மேஜர் 7: 6ஆம் கம்பி 3, 4ஆம் கம்பி 4, 3ஆம் கம்பி 4
சி மேஜர் 7: 5ஆம் கம்பி 3, 4ஆம் கம்பி 2, 3ஆம் கம்பி 4
எஃப் ஷார்ப் ஹாஃப் டிமினிஷ்டு: 6ஆம் கம்பி 2, 4ஆம் கம்பி 2, 3ஆம் கம்பி 2
பி 7: 5ஆம் கம்பி 2, 4ஆம் கம்பி 1, 3ஆம் கம்பி 2
இ மைனர் 7: 6ஆம் கம்பி, 4ஆம் கம்பி, 3ஆம் கம்பி, மூன்றும் விரல் வைக்காமல்

3ஆம் கம்பியை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள்: 5, 5, 4, 4, 2, 2, 0. அதாவது சி, சி, பி, பி, ஏ, ஏ, ஜி. இப்போது பாட்டின் மெட்டைப் பாடிப் பாருங்கள். ஒவ்வொரு வரியும் மூன்று ஸ்வரம் ஏறி ஒரு நீண்ட ஸ்வரத்தில் போய் நிற்கும். நிற்கும் ஸ்வரங்கள் முறையே சி, பி, ஏ, ஜி. கார்டின் 3ஆம் கம்பியும் மெட்டு நிற்கும் இடமும் ஒன்றே. ஏ மைனர் 7 மேல் நிற்கும் சி அந்தக் கார்டின் மூன்றாம் ஸ்வரம். அடுத்த பாரில் டி 7 வந்ததும், அதே சி அசையாமல் நின்றபடியே ஏழாம் ஸ்வரமாகிவிடுகிறது. ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது மேல் இரண்டு கம்பிகளில் ஒன்று நிற்கும், மற்றது அரைப்படியோ ஒரு படியோ இறங்கும். கடைசியில் பி 7இலிருந்து இ மைனர் 7க்குப் போகையில் மட்டும் இரண்டும் இறங்குகின்றன.

ஒரு ஸ்டாண்டர்டைக் கற்பது என்றால் இந்த நகர்வைக் கற்பது. ஃப்ரெட் எண்ணை மனப்பாடம் செய்வது அல்ல. கீழே ஒப்பிடும் மூன்று வழிகளையும் இந்த அளவுகோலில்தான் நிறுத்துகிறோம்.

மூன்று வழிகள்

முதல் வழி, டேப் (கம்பியும் ஃப்ரெட் எண்ணும் எழுதிய தாள்) பார்த்தோ காணொளி பார்த்தோ ஒரு கார்டு மெலடி ஏற்பாட்டை அப்படியே மனப்பாடம் செய்வது. மெட்டும் கார்டும் ஒரே கிதாரில் சேர்ந்து ஒலிக்கும். வீட்டுக்கு வந்த விருந்தினர் முன்னால் வாசித்தால் முழுமையாகக் கேட்கும். அதனால்தான் எல்லோருக்கும் இதில் ஆசை. இதன் விலை பிற்பாடு தெரியும். இப்படிப் படித்தவரிடம் ஜி மைனரில் வாசிக்கச் சொன்னால் நின்றுவிடுவார். பேஸ் கிதார்காரர் சேர்ந்தால் இருவரும் ஒரே அடிநாதத்தைத் தட்டிச் சேறாக்குவார்கள். நடுவே ஒரு விரல் தவறினால் எந்த பாரில் இருக்கிறோம் என்பதே போய்விடும், ஏனென்றால் நினைவில் இருப்பது விரல் வரிசைதான், பாட்டு அல்ல. மூன்று மாதம் வாசிக்காமல் விட்டால் ஏற்பாடு மறந்துவிடும், மறந்தால் கையில் எதுவும் மிஞ்சாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடினமான பிடிகள் வரும் இடங்களில் விரல் பொருந்த நேரம் வேண்டி, தாளத்தை இழுத்து இழுத்து வாசிக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். அதை உணர்ச்சி என்று எண்ணிக்கொண்டால் பிறகு திருத்துவது மிகவும் கடினம்.

யாருக்கு இது சரி? உணவகத்திலோ நிகழ்ச்சியிலோ தனிக் கிதாராக வாசிக்க ஒப்புக்கொண்டு, தேதியும் குறித்துவிட்டவருக்கு. மற்றவர்கள் தள்ளிப்போடலாம்.

இரண்டாம் வழி, லீட் ஷீட். ஒரு தாளில் மெட்டின் ஸ்வரக் குறிப்பும் மேலே கார்டுப் பெயர்களும் மட்டும் இருக்கும். எந்தப் பிடி, எந்தத் தாளக்கட்டு என்று எதுவும் சொல்லாது. முதலில் வறண்டதாகத் தோன்றும், ஒரு வாரத்துக்குப் பாட்டாகவே கேட்காது. ஆனால் கார்டின் பெயரைப் பார்த்து நீங்களே மூன்று ஸ்வரத்தைத் தேடி எடுப்பதால், தேடியது உங்களுடையதாகிவிடும். அடுத்த பாட்டில் அதே ஏ மைனர் 7, டி 7, ஜி மேஜர் 7 வரிசை வரும்போது கை தானாகப் போகும். இந்த வழியின் குறை தாளில் ஸ்விங் எழுத முடியாது என்பது. தாளில் இருக்கிறபடியே வாசித்தால் மெட்டு பள்ளிக்கூட அணிவகுப்பு மாதிரி நடக்கும்.

மூன்றாம் வழி, பதிவைக் கேட்டே கற்பது. குருவிடம் உட்கார்ந்து பாடிப் பாடிக் கற்ற மரபு நமக்குப் புதிதல்ல, ஜாஸும் பெரும்பாலும் அப்படித்தான் வளர்ந்தது. எந்த ஸ்வரத்தை அழுத்துகிறார்கள், எதை விழுங்குகிறார்கள், எங்கே அடிக்குச் சற்றுப் பின்னால் வருகிறார்கள் என்பதெல்லாம் காதால் மட்டுமே கிடைக்கும். இந்தப் பாட்டுக்கு சாக்ஸஃபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லியின் 1958 இசைத்தட்டில் உள்ள பதிவைக் கேளுங்கள். அதில் ட்ரம்பெட் வாசிக்கும் மைல்ஸ் டேவிஸ் மெட்டை எவ்வளவு குறைவாக வாசிக்கிறார், எவ்வளவு இடம் விடுகிறார் என்று கவனியுங்கள். அது ஜி மைனர். பாட்டுக்கு முன்னால் நீளமான ஒரு முன்னுரை உண்டு, அதைப் பாட்டின் பகுதி என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்த வழியின் குறை, புதியவரின் காது மெட்டைப் பிடிக்கும், நடுவில் ஒலிக்கும் கார்டைப் பிடிக்காது. ஹாஃப் டிமினிஷ்டையும் சாதா மைனரையும் பிரித்துக் கேட்க மாதங்கள் ஆகலாம். அதற்குள் பலர் விட்டுவிடுகிறார்கள்.

எங்கள் தீர்ப்பு: கார்டை லீட் ஷீட்டிலிருந்து எடுங்கள், மெட்டைக் காதால் எடுங்கள். மெட்டைத் தாளில் பார்க்கவே வேண்டாம், சந்தேகம் வந்த ஸ்வரத்தைச் சரிபார்க்க மட்டும் திறவுங்கள். கார்டு மெலடி நாலாவது வாரத்தில் தானாகவே வரும். எப்படி என்று கீழே இருக்கிறது.

ஆறு வாரம், தினம் அரைமணி

முதல் வாரம் முழுவதும் கார்டு பிடிக்காதீர்கள். அடிநாதம் மட்டும் ஒரு பாருக்கு ஒரு தட்டு: 6ஆம் கம்பி 5, 5ஆம் கம்பி 5, 6ஆம் கம்பி 3, 5ஆம் கம்பி 3, 6ஆம் கம்பி 2, 5ஆம் கம்பி 2, திறந்த 6ஆம் கம்பி. தட்டியபடியே மெட்டைப் பாடுங்கள். பாட வராது என்று கூச்சப்படுபவர்கள் முனகினாலும் போதும். மெட்டும் அடிநாதமும் ஒரே உடம்பில் சேர்ந்து ஓடினால் பாட்டின் வடிவம் இனி தொலையாது.

அந்த வடிவத்தை ஆதி தாளத்தில் எண்ணலாம். 32 பார் என்பது 16 ஆவர்த்தனம். முதல் 4 ஆவர்த்தனம் மெட்டின் முதல் பகுதி, அடுத்த 4 அதுவே திரும்ப, மூன்றாவது 4 ஒரு மாறுதல், கடைசி 4 முடிப்பு. மெட்டு சமத்தில் தொடங்குவதில்லை. அதற்கு முந்தைய பாரின் இரண்டாம் அடியிலிருந்து மூன்று ஸ்வரம் முன்கூட்டியே கிளம்புகிறது, அதீத எடுப்பு. முதல் சுற்றிலேயே தடுமாறுகிறவர்கள் அநேகமாக இந்த மூன்று ஸ்வரத்தையும் முதல் பாருக்குள் வைத்துவிட்டவர்கள்தான்.

இரண்டாம் வாரம் ஷெல் கார்டுகள். ஏ மைனர் 7க்கு நடுவிரல் 6ஆம் கம்பியில், மோதிர விரலைப் படுக்கவைத்து 4ஐயும் 3ஐயும் அழுத்துங்கள். இடையில் உள்ள 5ஆம் கம்பி ஒலிக்கக் கூடாது, நடுவிரலின் நுனி அதை லேசாகத் தொட்டு ஊமையாக்கும். 2ஆம், 1ஆம் கம்பிகளைப் படுத்திருக்கும் விரலின் அடிப்பாகம் தொட்டிருக்கட்டும். டி 7க்கு நடுவிரல் 5ஆம் கம்பிக்குத் தாண்டும், மோதிர விரல் 3ஆம் கம்பியை விடவே கூடாது, ஆள்காட்டி விரல் 4ஆம் கம்பி 4க்கு வரும். நிற்க வேண்டிய ஸ்வரத்தில் விரலும் நிற்க வேண்டும். கையை முழுதாகத் தூக்கி மறுபடி வைப்பதுதான் ஆர்க்கெஸ்ட்ராப் பழக்கம். முதலில் உடைக்க வேண்டியது அதைத்தான்.

எஃப் ஷார்ப் ஹாஃப் டிமினிஷ்டு வரும் இடத்தில் பழகிய எஃப் ஷார்ப் மைனர் பார் கார்டைப் போட்டுவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது. பார் கார்டில் சி ஷார்ப் இருக்கிறது. பாட்டு கேட்பது சி. பேஸ்காரர் சி தட்டினால் இரண்டும் உரசும். ஷெல்லில் அந்த ஸ்வரமே இல்லாததால் தப்பு நேராது. நிறம் வேண்டுமானால் 2ஆம் கம்பி 1ஆம் ஃப்ரெட்டைச் சேருங்கள், அதுதான் அந்த சி.

மூன்றாம் வாரம் ஸ்விங். இங்கேதான் நம் மரபிலிருந்து வருகிறவர்களுக்கு உண்மையான சிரமம். கை சமத்தில் தட்டப் பழகியது. ஜாஸில் உடம்பு 2ஆம், 4ஆம் அடிகளில் சாய்கிறது. மெட்ரோனோமை 40இல் வையுங்கள், கேட்கும் ஒவ்வொரு டிக்கையும் 2, 4 என்று எண்ணுங்கள். பாட்டின் வேகம் இப்போது 80. முதல் இரண்டு நாள் டிக் தானாகவே 1, 3ஆக மாறிவிடும். மாறியது தெரிந்தவுடன் நிறுத்தி, ‘2’ என்று வாய்விட்டுச் சொல்லி மறுபடி தொடங்குங்கள். நிலைத்ததும் மெட்ரோனோம் 50, பிறகு 60, அதாவது பாட்டின் வேகம் 120. அந்த வேகம் வந்தால் மேடைக்குப் போதும்.

வலக்கைக்கு, கவுண்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் 1937இல் சேர்ந்த கிதார் கலைஞர் ஃப்ரெடி கிரீன் காட்டிய வழிதான் பாதுகாப்பானது: ஒரு பாருக்கு நாலு அடி, நாலும் கீழ்நோக்கி, தட்டிய உடனே இடக்கை அழுத்தத்தைத் தளர்த்தி ஒலியை அறுப்பது. கையை எடுக்கக் கூடாது, அழுத்தத்தை மட்டும் எடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் திறந்த கம்பி கூவும். எட்டாம்பங்கு ஸ்வரங்களைப் பற்றி ஒரு குறிப்பு: ஸ்விங்கைத் திஸ்ரம் என்று சொல்லிக்கொடுப்பது வழக்கம், இரண்டு பங்கு நீளம், ஒரு பங்கு குட்டை. நடுத்தர வேகத்தில் அது ஏறத்தாழ சரி. வேகம் கூடக்கூட இரண்டும் சமமாகிக்கொண்டே போகும். வேகமான பாட்டிலும் திஸ்ரத்தைப் பிடித்துக்கொண்டால் குதிரை ஓடுவது மாதிரி நொண்டும்.

நாலாம் வாரம் மெட்டு. தாழ்ந்த ஸ்தாயியில் விரல் வைக்கும் இடங்கள்: 4ஆம் கம்பி 2, 4, 5, பிறகு 3ஆம் கம்பி 5இல் நிற்பது. அடுத்து திறந்த 4ஆம் கம்பி, அதன் 2, 4, பிறகு 3ஆம் கம்பி 4. பிறகு 5ஆம் கம்பி 3, திறந்த 4, 4இன் 2, நிற்பது 3ஆம் கம்பி 2. கடைசியாக 5ஆம் கம்பி 2, 4, 4ஆம் கம்பி 1, நிற்பது திறந்த 3ஆம் கம்பி. நிற்கும் ஸ்வரம் வரும்போது அந்த பாரின் ஷெல்லை முழுதாகப் பிடித்துத் தட்டினால் அதுவே கார்டு மெலடி. யாருடைய டேப்பும் தேவைப்படவில்லை.

ஒலி கனமாக, அடியில் இருப்பதாகத் தோன்றினால் ஒரு ஸ்தாயி மேலே போங்கள். 4ஆம் கம்பியிலிருந்து 1ஆம் கம்பிவரை ஃப்ரெட் எண்கள்: ஏ மைனர் 7 என்றால் 7 9 8 8. டி 7, 7 7 7 8. ஜி மேஜர் 7, 5 7 7 7. சி மேஜர் 7, 5 5 5 7. எஃப் ஷார்ப் ஹாஃப் டிமினிஷ்டு, 4 5 5 5. பி 7, 4 4 4 5. இ மைனர் 7, 2 4 3 3. கடைசி எண், அதாவது 1ஆம் கம்பி, மெட்டின் ஸ்வரம். அதைச் சற்று உரக்கத் தட்டுங்கள், மற்ற மூன்றும் அடங்கியே இருக்கட்டும். நாலும் ஒரே அளவில் ஒலித்தால் மெட்டு கூட்டத்தில் தொலைந்துவிடும்.

ஐந்தாம் வாரம் பாட்டின் கடைசி எட்டு பார், 25 முதல் 32 வரை. 27ஆம், 28ஆம் பார்களில் திடீரென்று ஒரு பாருக்கு இரண்டு கார்டு வரும்: இ மைனர் 7, ஏ 7, டி மைனர் 7, ஜி 7. சில லீட் ஷீட்டில் ஏ 7க்குப் பதில் இ ஃப்ளாட் 7, ஜி 7க்குப் பதில் டி ஃப்ளாட் 7 இருக்கும். இரண்டும் சரியே. ஆனால் பேஸ்காரரிடம் எது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். அதுவரை நிதானமாக வந்தவர்கள் விழுவது இந்த இரண்டு பாரில்தான். இவற்றை மட்டும் தனியே எடுத்து, மெட்ரோனோமை 35க்கு இறக்கி, ஒரு வாரம் சுற்றுங்கள்.

ஆறாம் வாரம் ஜி மைனர். எல்லாம் மூன்று ஃப்ரெட் மேலே. திறந்த கம்பியில் இருந்த இ மைனர் 7 இப்போது 3ஆம் ஃப்ரெட்டில் விரல் வைத்த ஜி மைனர் 7 ஆகிறது. சாக்ஸஃபோன், ட்ரம்பெட் வாசிப்பவர்களோடு சேர்ந்தால் பெரும்பாலும் இந்தச் சுருதிதான் கேட்பார்கள்.

துணைக்கு, கார்டுகளைப் பின்னணியாக வாசித்துத் தரும் ஐரியல் ப்ரோ போன்ற செயலியா, நீங்களே பதிவு செய்த ஷெல் கார்டா என்றால், முதலில் இரண்டாவது. உங்கள் பதிவின்மேல் நீங்களே மெட்டு வாசிக்கும்போது தாளம் எங்கே ஓடுகிறது, எங்கே இழுக்கிறது என்பது ஈவிரக்கமில்லாமல் தெரியும். செயலி தவறே செய்யாது, அதனால் உங்கள் தவறையும் மறைத்துவிடும்.

கற்பனை வாசிப்பு, ராகம் தெரிந்தவர்களுக்கு

கர்நாடக சங்கீதம் படித்த கை இங்கே முன்னால் போகும், அதே காரணத்தால் ஓர் இடத்தில் வழுக்கவும் செய்யும். முன்னால் போவது: ஏ மைனர் 7, டி 7, ஜி மேஜர் 7 வரும் பார்களில் ஜியை ஸட்ஜமாக வைத்துச் சங்கராபரணம் பாடினால் எல்லா ஸ்வரமும் பொருந்தும். பி 7 வரும்போது இயை ஸட்ஜமாக வைத்த கீரவாணி. அதே சங்கராபரண ஸ்வரங்களில், அதாவது இயை ஸட்ஜமாக வைத்தால் வரும் நடபைரவியிலேயே, தொடர்ந்தால் நிஷாதம் டி ஆகிவிடும், பி 7க்குள் இருப்பது டி ஷார்ப். அந்த ஒரு ஸ்வரம் மாறியதைக் காட்டாமல் விட்டால், பாட்டு வீடு திரும்பியது கேட்பவருக்குத் தெரியாது.

வழுக்கும் இடம்: ராகமாக நினைத்தால் ஒரு ஸட்ஜத்தில் அமர்ந்து விரித்துக்கொண்டே போகத் தோன்றும். இந்தப் பாட்டில் ஒவ்வொரு பாரிலும் நிற்கத் தகுந்த ஸ்வரம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே முதல் இரண்டு வாரம் ஸ்கேலே வேண்டாம். 3ஆம் கம்பியின் சி, சி, பி, பி, ஏ, ஏ, ஜி இவற்றை மட்டும் வைத்து, தாளத்தை மாற்றி மாற்றி வாசியுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் முன்னால் அரைப்படி கீழிருந்து ஒரு ஸ்வரம் சேருங்கள். கமகம் கொஞ்சம் போதும். கீழிருந்து சறுக்கி வருவது அழகு, நிற்கும் ஸ்வரத்தை ஆட்டுவது கார்டின் மூன்றாம் ஸ்வரத்தை மங்கலாக்கிவிடும்.

கிதாரும் கம்பியும்

இதில் அதிகம் யோசிக்க வேண்டாம். கையில் இருக்கும் கிதார் போதும். வாங்கவே போகிறீர்கள் என்றால் செமி ஹாலோ (உடல் ஓரளவு உள்ளீடற்ற) எலக்ட்ரிக் முதல் தேர்வு, ஸ்டீல் அக்கூஸ்டிக் இரண்டாவது. நைலான் கிதார் ‘ப்ளூ போசா’வுக்கு இனிது, ஃப்ரெடி கிரீன் பாணி அடிக்குச் சோர்வு. எலக்ட்ரிக்கில் கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பை மட்டும் வைத்து, டோன் குமிழைப் பாதிக்கு இறக்குங்கள். கம்பி 11 அல்லது 12 அளவு. 12 கட்டில் 3ஆம் கம்பி சுற்றுக் கம்பியாக வருவது இந்தப் பாட்டுக்கு லாபம், முக்கியமான ஸ்வரமெல்லாம் அதில்தான் இருக்கிறது. 2023 போல மின்வெட்டு நெருக்கடி திரும்பினால் பாட்டரி ஆம்ப் உதவும், இல்லாவிட்டால் செமி ஹாலோவை ஆம்ப் இல்லாமலே வீட்டில் பயிலலாம்.

டர்பன் கடற்காற்றில் சாதாக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் துடைக்க வேண்டும், பூச்சுக் கம்பி போட்டால் இன்னும் நல்லது. லெனேசியாவில் இருப்பவர்களுக்கு நேர்மாறான தொல்லை. ஜோஹன்னஸ்பர்க் குளிர்காலத்தில் காற்று வறண்டு மரம் சுருங்கும், ஃப்ரெட்டின் ஓரங்கள் கையைக் குத்தும். கிதாரைப் பெட்டிக்குள் ஈரப்பதத்தோடு வையுங்கள்.

முதல் முறை கூடி வாசிக்கும்போது

பேஸ்காரர் இருந்தால் அடிநாதத்தை விட்டுவிட்டு 4ஆம், 3ஆம் கம்பிகளை மட்டும் வாசியுங்கள். கீபோர்டும் இருந்தால் ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் நிறுத்துவது என்று முன்பே முடிவு செய்யுங்கள், இருவரும் ஒரே நேரத்தில் கார்டு போட்டால் பாடகருக்கும் சாக்ஸுக்கும் இடமே இருக்காது. தொடங்கும் முன் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: பாட்டின் பெயர், சுருதி, வேகம். வேகத்தை வாயால் சொல்வதைவிட, மெட்டின் முதல் வரியை மனதுக்குள் பாடிப் பார்த்து, அந்த வேகத்தில் 2லும் 4லும் விரல் சொடுக்கிக் காட்டுவது நல்லது. வழி தவறினால் வாசிப்பை நிறுத்திவிட்டு பேஸைக் கேளுங்கள். மூன்றாவது பகுதி, அதாவது 17ஆம் பார், எஃப் ஷார்ப்பில் தொடங்கும் (ஜி மைனரில் வாசித்தால் ஏ). அந்த அடிநாதமும் மாறுதல் மெட்டும் சேர்ந்து கேட்டதும் உள்ளே வந்துவிடலாம். முடிக்கும்போது கடைசி நாலு பாரை மூன்று முறை வாசிப்பது வழக்கம். மூன்றாம் முறை வருகிறது என்று மற்றவர்களுக்குக் கண்ணால் காட்டி, இ மைனரில் கையை எடுக்காமல் ஒலி தானாக அடங்கும்வரை விடுங்கள்.